அம்மா பார்த்துக்கொண்ட நோயை, அம்மா இல்லாத வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

பதின்வயதில் மனச்சோர்வு வந்து மீண்ட பெண்ணிடம், உன்னை மீட்டது மாத்திரையா டாக்டரா அம்மாவா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்ததும் அம்மா, டாக்டரிடம் கூட்டிப்போனதும் அம்மா. அந்த அம்மா தவறிப்போகும்போது ஒரே நேரத்தில் இரண்டு இழப்பு. ஒன்று ஊருக்கே தெரியும். மற்றது, இத்தனை வருஷம் அந்த நோய்க்குக் காவல் இருந்த ஆள் போய்விட்டார் என்பது. வீட்டில் யாருக்கும் அது தோன்றாது. அவர் அதை ஒரு வேலையாகச் செய்துவந்ததே பலருக்குத் தெரிந்திருக்காது.

ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் மறுபடியும் வருகிறது. நெருங்கியவரின் சாவு அதைத் தூண்டக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று. இந்தக் குறிப்பு 18 வயதைத் தாண்டிய மகளுக்காக. அவள் படிக்கும் நிலையில் இல்லையென்றால் அக்காவோ சித்தியோ தோழியோ படித்துச் செய்யலாம். தமிழ்நாட்டு வீடுகளையும் மருத்துவமனைகளையும் மனத்தில் வைத்து எழுதியது.

காரியம் முடியும்வரை மூன்றே வேலை

சாவு விழுந்த வீட்டில் முதல் 16 நாள் எதையும் யோசித்துச் செய்ய முடியாது. மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மாத்திரை, தூக்கம், அம்மா விட்டுப்போன மருந்துகள்.

இப்போதும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டாம் நாளே அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். 30 நாளுக்கு வாங்கியது காரியத்துக்குள் தீர்ந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வாங்கிவந்துகொண்டிருந்தது அம்மாவாக இருந்தால் கட்டாயம் நடக்கும். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து, சாமான் வாங்க வெளியே போய்வரும் யாராவது ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு சுளீர், காரணம் தெரியாத எரிச்சல் எல்லாம் வரலாம். சாவு வீட்டில் அதை எல்லோரும் துக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள், நீங்களும்தான். ஃப்ளுவாக்செட்டின் என்ற மாத்திரை உடம்பில் நெடுநாள் தங்குவதால் அந்தத் தொந்தரவு குறைவு. அதில் வேறொரு வலை இருக்கிறது: ‘நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று தோன்றிவிடும், சோர்வு சில வாரமோ மாதமோ கழித்துச் சத்தமில்லாமல் திரும்பும்.

ஒரு வேளை தவறினால், ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. காரியத்தன்று சாப்பிடாமல் இருக்க வேண்டிய வழக்கம் இருந்தால், தண்ணீரோடு மாத்திரை போடலாமா என்று முதல் நாளே ஐயரிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போடலாம் என்றுதான் சொல்வார். வெறும் வயிற்றில் குமட்டினால் அரை டம்ளர் பால் போதும்.

தூக்கம். முதல் வாரம் தூக்கம் வராதுதான். அதற்காக அத்தையின் கைப்பையில் இருக்கும் அல்பிரசோலத்தைப் பாதி உடைத்து வாங்கிப் போடாதீர்கள். பழகிவிடும் மருந்து அது. உங்கள் மாத்திரையோடு எப்படிச் சேரும் என்பது அத்தைக்குத் தெரியாது. தேவையென்றால் உங்கள் டாக்டரே சில நாளுக்கு எழுதித் தருவார். அதுவரை ஒரே ஒரு விதி: எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து, 20 நிமிஷம் வெளிச்சத்தில், வாசலிலோ மொட்டைமாடியிலோ உட்கார வேண்டும். இரவில் சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பத்தரைக்கு உங்களை உள்ளறைக்கு அனுப்பும் பொறுப்பைப் பெரியம்மா மாதிரி குரல் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், இன்சுலின், வலிமருந்து எல்லாம் டப்பாவோடு அலமாரியில் இருக்கும். அம்மா தொட்டது என்று எடுத்துப்போட மனம் வராது. ஆனால் மனச்சோர்வு ஒருமுறை வந்த ஆள் இருக்கும் வீட்டில் அவை ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. வீட்டில் வசிக்காத ஒருவர், மாமாவோ சித்தப்பாவோ, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடலாம். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி மருத்துவமனையில் கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்திருந்தால் அது கொடுத்த இடத்துக்கே திரும்பப் போகட்டும். டப்பாவை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், காலியாக. தோட்டம் வயல் உள்ள வீடு என்றால் பயிருக்கு அடிக்கும் மருந்தும் வீட்டைவிட்டு வெளியேறி, பூட்டின இடத்துக்குப் போக வேண்டும். சாவி உங்களிடம் வேண்டாம்.

அம்மா நோட்டு

காரியம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வாடகை நாற்காலி திரும்பிப் போன மறுநாள் வீடு வெறிச்சென்று இருக்கும். நோட்டை அன்றைக்கு ஆரம்பியுங்கள். 80 பக்க நோட்டு போதும். அம்மாவின் குணநலன்களை இதில் எழுத வேண்டாம். ‘பொறுமைசாலி’ என்று எழுதி வைத்தால் அழலாம், பயன்படுத்த முடியாது. நோய் இருந்த காலத்தில் அவர் கைகளும் கண்களும் என்ன செய்தன என்று மட்டும் எழுதுங்கள். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை, நேர வரிசையில், உங்கள் வீட்டுப் பேச்சிலேயே.

இப்படி இருக்கும்:

காலை 6.30: எழுப்ப மாட்டா. ஜன்னல ரெண்டு கதவும் தொறந்துட்டுப் போயிடுவா.
தலை: மூணு நாள் சீவலேன்னா எண்ணெக் கிண்ணத்தோட வந்து பின்னால உக்காருவா. சிக்கெடுக்கும்போது ஒரு கேள்வி கேக்க மாட்டா.
தட்டு: மிச்சம் வெச்சா திட்ட மாட்டா. அடுத்த வேளை ரசஞ்சாதத்தக் கரைச்சு டம்ளர்ல கொண்டாருவா.
மாத்திரை: சாமி மாடத்துக்குப் பின்னாடி ஹார்லிக்ஸ் பாட்டில்ல. ராத்திரி ஒண்ணு கையில வைப்பா, தண்ணி குடிக்கிறவரைக்கும் நிப்பா.
ஸ்கூல்: கிளாஸ் மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தா. என்ன எழுதினான்னு எனக்குத் தெரியாது.
சொந்தக்காரங்க: டைபாய்டுன்னு சொல்லிவெச்சிருந்தா.

எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று பத்தி வருமாறு நெடுக்குக் கோடு போடுங்கள். அம்மா எதைப் பார்த்து அதைச் செய்தார், அது உங்களுக்கு என்ன செய்தது, இனி யார் செய்வது. முதலிரண்டு பத்தியை நிரப்பும்போதுதான் விஷயம் புரியும். ஜன்னல், காலை வெளிச்சம். உடம்புக் கடிகாரத்தை அது நேராக வைத்தது. எண்ணெய்க் கிண்ணம், நீங்கள் உங்களைக் கவனிப்பதை விட்ட மூன்றாம் நாளே ஒருவர் கண்டுபிடித்தார் என்பது. கூடவே, முகம் பார்க்காமல் ஒருவர் அருகில் இருக்கும் அரைமணி நேரம். டம்ளர் சாதம், இலக்கைச் சிறிதாக்குவது: தட்டு பயமுறுத்தும், டம்ளர் பயமுறுத்தாது. மனநல ஆலோசகர்கள் பயிற்சி எடுத்துச் செய்யும் பலவற்றை இந்த அம்மாக்கள் வழிகாட்டி இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

எல்லா வரியும் அப்படியே பின்பற்றத் தக்கதாக இருக்காது. டைபாய்டுப் பொய் அந்த நேரத்துக்கு உதவியது, ஆனால் அதனால்தான் இன்றைக்கு அண்ணனுக்கும் அத்தைக்கும் உங்கள் நோய் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த வரிக்கு எதிரே ‘நிறுத்த வேண்டும்’ என்று எழுதுங்கள். அம்மாவிடம் குறை கண்டதாக ஆகாது.

உங்களுக்குத் தெரியாத வரிகளும் உண்டு. நோயின் மோசமான மாதங்கள் நினைவில் மங்கலாகத்தான் இருக்கும். நினைவைக் குழப்புவது மனச்சோர்வின் வேலை. அம்மாவோடு நாள்தோறும் பேசிய சித்தியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ போய் இந்த மூன்றைக் கேளுங்கள்: “எனக்கு முடியலேன்னு அம்மா முதமுதல்ல எப்பச் சொன்னாங்க? எதப் பாத்துச் சொன்னாங்க? அப்புறம் எதப் பாத்து, தேறிட்டான்னு சொன்னாங்க?” மூன்றாவது கேள்வியின் பதில் பலசமயம் எதிர்பாராததாக இருக்கும். டிவி ரிமோட்டுக்குத் தம்பியோடு சண்டை போட்டதைப் பார்த்து ஒரு அம்மா நிம்மதி அடைந்திருக்கக்கூடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை முன்னறிகுறிகளுக்கு ஒதுக்குங்கள். போன தடவை எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று வரிசையாக ஐந்தாறு. பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவும், கதவை அறைந்து சாத்துவதாகவும், தீராத தலைவலி வயிற்றுவலியாகவும் வருவதுண்டு. உங்கள் வரிசை உங்களுக்கே உரியது. மறுபடி வந்தால் பெரும்பாலும் அதே வாசல் வழியாகத்தான் வரும்.

மூன்றாம் பத்தி: யார்?

ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் அவர் தளர்ந்துவிடுவார். பிரித்துக் கொடுங்கள். ‘என்னக் கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று கேட்டால் ஆளாளுக்குத் தைரியம் சொல்வார்கள், அவ்வளவுதான் நடக்கும். வேலையை அளந்து கேளுங்கள்.

அப்பாவிடம்: “அப்பா, ராத்திரி ஒன்பதரைக்கு மாத்திரை போட்டியான்னு ஒரே ஒரு தடவ கேளுங்க. போட்டேன்னு சொன்னா அதோட விட்டுடுங்க.”

அண்ணனிடம்: “டாக்டர்கிட்டப் போறப்ப நீ வா. உள்ள வர வேணாம், வெளிய உக்காந்திரு.”

தோழியிடம்: “செவ்வாயும் சனியும் போன் பண்ணு. ரெண்டு தடவையும் எடுக்கலேன்னா வீட்டுக்கு வந்துரு. என்ன ஏதுன்னு கேக்காத, வந்துரு.”

அப்பாமார்கள் இதில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்கிறார்கள், வேலை குறிப்பாக இருந்தால். அவரும் துக்கத்தில் இருக்கிறார் என்பதால் பேச்சுத் துணையாக அவரை மட்டும் நம்புவது இருவருக்கும் நல்லதல்ல.

அடுத்து, அடுப்படி. தமிழ் வீடுகளில் அம்மா போன மறுமாதமே மூத்த மகள் அம்மாவாகிவிடுகிறாள். யாரும் சொல்வதில்லை, தானாக நடக்கும். ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்கு டிபன் கட்டி, வேலைக்குப் போய், இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவிப் படுப்பாள். ஆறு வாரத்தில் தூக்கம் குலையும்; தூக்கத்துக்குப் பின்னாலேயே நோய் வரும். முதல் 3 மாதத்துக்கு இரவுச் சாப்பாடு உங்கள் கையில் வேண்டாம். கடை மாவும் தேங்காய்ச் சட்னியும் தெய்வக் குற்றம் இல்லை. அம்மா கைப்பக்குவம் வேண்டுமென்று தோன்றினால் ஞாயிறு ஒரு குழம்பு வையுங்கள், அதுவும் உங்களுக்காக.

இன்னொரு நெருக்கடி: ‘வருஷத்துக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணிடணும்’ என்று கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். துக்கத்தின் முதல் ஆறு மாதத்தில் கல்யாணம், வேலையை விடுவது, வீட்டை விற்பது எதிலும் முடிவு எடுக்காமல் இருப்பது நல்லது. நீங்கள் சொன்னால் எடுபடாது. டாக்டர் சொன்னதாகச் சொன்னால் எடுபடும். டாக்டரிடம் கேட்டுவிட்டே சொல்லுங்கள், பெரும்பாலும் அவர் ஒத்துக்கொள்வார்.

டாக்டர், ஃபைல், கையெழுத்து

நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தாலும், முதல் மாதத்துக்குள் ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்காகப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். நல்ல நிலையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பது அவர் கண்ணில் பட்டிருந்தால், கெட்டால் கண்டுபிடிப்பது சுலபம்.

கையில் கொண்டுபோக வேண்டியது: பழைய ஓ.பி. சீட்டுகள், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், எப்படிக் குறைத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா இவற்றை எல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலோ, ரேஷன் கார்டு பையிலோ வைத்திருப்பார். கிடைக்கவில்லையென்றால் அப்போது பார்த்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் சிகிச்சைக் குறிப்புகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. அம்மாவுக்கும் மனச்சோர்வு இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் ஓடும் நோய் இது. பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தொடங்கும்போதோ அளவை மாற்றும்போதோ முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை மருந்தோடு வருகிறது. ஆகவே தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். தேறியபிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர வேண்டும், மறுபடி வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவை குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, காலை ஓ.பி.யில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இலிருந்து இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஒரு கையெழுத்து வேலையும் இருக்கிறது. மைனராக இருந்தபோது சிகிச்சைக்கு அம்மா கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போது நீங்கள் மேஜர். உங்களால் முடிவெடுக்க முடியாமல் போகும் நாளில் உங்கள் சார்பில் பேச ஒருவரை, நியமனப் பிரதிநிதி என்று, அதே சட்டப்படி முன்கூட்டியே குறிப்பிடலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதாவிட்டால் அந்த இடம் பொதுவாக உறவினர் ஒருவருக்குப் போகும். அந்த உறவினர் யார் என்பதை நீங்களே தீர்மானிப்பது நல்லது.

இது துக்கமா, நோயா

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ‘அம்மா போன துக்கம், அப்படித்தான் இருக்கும்’ என்று ஆறு மாதம் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. துக்கம் அலை அலையாக வரும்: அம்மா போட்ட ஊறுகாய் ஜாடியைப் பார்த்ததும் உடைந்துபோவீர்கள், அரைமணி கழித்துத் தம்பி சொன்னதற்குச் சிரிப்பீர்கள். நோயில் அந்த இடைவெளி இருக்காது. துக்கத்தில் மனம் அம்மாவைச் சுற்றும். நோயில், ‘நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லோருக்கும் பாரம்’ என்று உங்களையே சுற்றும். அம்மாவை நினைத்தால் அழுகைகூட வரவில்லை, மரத்துக் கிடக்கிறது என்றால் அதையும் நோயின் பக்கத்தில் வையுங்கள்.

அளந்து பார்க்க ஒரு கருவி, பி.எச்.க்யூ-9. ஒன்பது கேள்வி, தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது; அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கக் காலண்டரில் தோதான நாள் பிரதோஷம். அமாவாசை வேண்டாம்: அன்று அம்மாவுக்குப் படையல் இருக்கும், மதிப்பெண் அன்றைய மனநிலைக்கு இழுபடும்.

‘அம்மாகிட்டயே போயிட்டாத் தேவல’ என்ற நினைப்பு துக்கத்தில் பலருக்கு வருகிறது. அது ஏக்கமாக வந்து போகிறதா, எப்படி எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது என்றால் அன்றைக்கே, அந்த மணியிலேயே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொலைபேசியில் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களை நோட்டின் அட்டையிலும், தோழியின் போனிலும் எழுதிவையுங்கள். அம்மாவின் சாவே தற்கொலையாக இருந்தால் இந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். முதல் மாதத்திலேயே ஆலோசகர் ஒருவரோடு உட்காருங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் ஒரு துளியும் தணியாமல், நாளாந்த வேலை எதுவும் ஓடாமல் இருந்தால் அதற்கும் இன்று மருத்துவத்தில் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு: நீடித்த துக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம்.

“உன்ன நெனச்சு நெனச்சே போயிட்டா”

காரிய வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் மனமே சொல்லும். பதின்வயதில் அம்மாவை அலைக்கழித்த மகளுக்கு இந்தக் குற்றவுணர்வு துக்கத்தைவிட ஆபத்தானது.

‘அப்படி நினைக்காதே’ என்று சொல்வதால் இது போகாது. காகிதத்தில் போட்டுப் பார்ப்பதால் குறையும். அம்மாவைக் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் நேரம் வாங்கி, எது காரணம், எத்தனை நாளாக இருந்திருக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் உங்கள் நோயின் வருஷங்கள், வலப்பக்கம் அம்மாவின் நோயின் வருஷங்கள். நீங்கள் மோசமாக இருந்த காலத்தில் அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது, கவலை இருந்தது. அதை மறுக்க வேண்டாம், நடந்தது. அந்தக் கவலைதான் கட்டியாக வந்தது என்பது வேறு பேச்சு. மன உளைச்சல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வயது, பரம்பரை என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. சொல்பவரிடம் வாதாட வேண்டாம். “டாக்டர் சொன்ன காரணம் வேற, அத்த” என்று ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

குரலும் புடவையும்

நினைவுப் பொருள்களில் சிலவற்றுக்குக் கெடு உண்டு. துக்கத்தில் அது தெரியாமல் போய், பிறகு வருந்துகிறார்கள்.

முதலில் அம்மாவின் போன். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்ட பிரீபெய்ட் எண்ணை 90 நாளுக்குப் பின் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம், வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஒருநாள் அந்த எண்ணின் வாட்ஸ்ஆப்பில் அறியாத ஆளின் முகம் வந்தால் மனம் தாங்காது. 120 நாள் திறக்காத வாட்ஸ்ஆப் கணக்கு அழிக்கப்படும். கூகுள் கணக்குக்கு 2 வருஷம். போனை அணைத்துப் பீரோவில் வைப்பதுதான் பெரிய பிழை. சார்ஜில் போட்டு, ஒரு ரீசார்ஜ் செய்து, பூட்டுத் திறக்கும் எண்ணை எழுதிவைத்துவிட்டுப் படங்களையும் குரல் பதிவுகளையும் நகலெடுங்கள். வாட்ஸ்ஆப் குரல்பதிவுகள் ஆண்ட்ராய்டு போனுக்குள் தனிக் கோப்புறையில், ஓபஸ் என்ற வகைக் கோப்புகளாக இருக்கும். உரையாடலை ஏற்றுமதி செய்யும்போது ‘மீடியாவுடன்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்து மட்டும் வரும், குரல் வராது. பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. அழிந்துபோவது ஒரே நகல் இருந்தால்தான்.

மொத்தத்தையும் ஒரே இரவில் கேட்காதீர்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுங்கள். பிறந்தநாள் வாழ்த்தைவிட, “சாப்ட்டியா? கேஸ அமத்திட்டியா?” என்கிற ஏழு விநாடிதான் பின்னால் கைகொடுக்கும். படுக்கையில், விளக்கணைத்தபின் கேட்பதைத் தவிருங்கள். பகலில், உட்கார்ந்து.

புடவை. சொந்தக்காரப் பெண்கள் உதவி என்று எல்லாவற்றையும் துவைத்து மடித்துவிடுவார்கள். அதற்குமுன் அம்மா கடைசியாகக் கட்டிக் களைந்த வீட்டுப் புடவை இரண்டை எடுத்துவிடுங்கள். ஈரம் இல்லாமல் நிழலில் ஒரு மணி நேரம் விரித்து, ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடி வையுங்கள். பாச்சா உருண்டை பக்கத்தில்கூட வரக்கூடாது; வாசனை ஒரே வாரத்தில் அதுவாகிவிடும். கவரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். அதனால்தான் இரண்டு: ஒன்று திறக்க, ஒன்று திறக்காமல் இருக்க.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் முதல் மாதம் கழித்து, 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, மூன்று நான்கு நாள் எழுதுங்கள். அலாரம் அடித்ததும் கை வேலை ஒன்று: செடிக்குத் தண்ணீர், கீரை ஆய்தல். எழுதிய ஒரு மணி நேரம் கழித்தும் மனம் கீழேயே கிடந்தால், இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால், நிறுத்திவிட்டு ஆலோசகரோடு சேர்ந்து செய்யுங்கள்.

தேதிகள்

ஒரு வருஷத்துக் காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போடுங்கள். 30ஆம் நாள், மாசிகங்கள், ஆடி அமாவாசை, தலை திவசம். உங்கள் வழக்கப்படி 40ஆம் நாள் பாத்திஹாவோ, நினைவுத் திருப்பலியும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுமோ. இவற்றுக்கு ஊர் கூடும், தாங்கிக்கொள்ளலாம். ஊருக்குத் தெரியாத தேதிகளைத்தான் தனியாகக் குறிக்க வேண்டும்: அம்மா பிறந்தநாள், மருத்துவமனையில் சேர்த்த நாள், மே மாத இரண்டாம் ஞாயிறன்று கடைக்காரர்கள் அனுப்பும் அன்னையர் தின மெசேஜ்கள், பதின்வயதில் நீங்கள் மோசமாக இருந்த பரீட்சைக் காலம். அந்த வருஷம் தீபாவளி பொங்கல் இல்லை என்று வீடு இருண்டு கிடக்கும். பலகாரம் வேண்டாம், சரி. அன்றைக்கு நீங்கள் அறைக்குள் தனியாக இருப்பது மட்டும் வேண்டாம். சித்தி வீட்டுக்குப் போய் மாலைவரை இருந்துவிட்டு வாருங்கள்.

திட்டம் அந்த நாளுக்கு மட்டும் போதாது. திவசத்தன்று வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். அடி விழுவது மறுநாள். லீவை மறுநாளுக்குப் போடுங்கள், தோழியின் போன் மறுநாள் வரட்டும்.

தலை திவசம் முடிந்த வாரம் நோட்டை எடுத்து மூன்றாம் பத்தியைத் திருத்துங்கள். போன் பண்ணாதவர் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர். மாத்திரைக்கு எதிரே அப்பா, டாக்டர் தேதிக்கு எதிரே அண்ணன், ஜன்னலுக்கு எதிரே அலாரம் என்று இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்து வரிக்கு மட்டும் ஆள் கிடைத்திருக்காது. அந்த வரியை அடிக்க வேண்டாம், யார் பெயரையாவது போட்டு நிரப்பவும் வேண்டாம். காலியாகவே இருக்கட்டும்.